அப்பா மறுபடியும் கை உயர்த்தினார்கள்

அப்பாவின் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களிடம் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மகள் எழுதுகிறாள், புகழ்ந்து தள்ளுவாள் என்று எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். எனக்குச் சந்தேக புத்தி. தேங்காய் வாங்கினால்கூட மூன்று முறை தட்டிப் பார்ப்பேன். அப்பாவையும் கடைசி வரை அப்படித்தான் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா திருச்செந்தூர் பக்கம் ஒரு சிற்றூரில் ஏழு பிள்ளைகளில் ஐந்தாவதாகப் பிறந்தார்கள். சிறு வயதிலேயே தகப்பனை இழந்து, சித்தப்பா வீட்டில் வளர்ந்து, இருபத்தொரு வயதில் புனேக்கு ரயில் ஏறினார்கள். ராணுவக் கிடங்கில் எழுத்தர் வேலை. வானவடியில் இரண்டு அறை வீடு, பழைய ஸ்கூட்டர், அம்மா, நான், தம்பி. மராத்தியைக் காய்கறிக்காரம்மாவிடம் திட்டு வாங்கியே கற்றுக்கொண்டார்கள். நம் தமிழ்ச் சபையில் திடப்படுத்தல் வகுப்பு நடத்தும் பொறுப்பு பல வருடம் அப்பாவிடம்தான் இருந்தது.

திடப்படுத்தல் பெற என் முறை பதினாறு வயதில் வந்தது. முந்தின வாரம் அப்பா போதகரிடம், "எம் மவளப் பத்தி நீங்க கவலையே பட வேண்டாம் ஐயரே" என்று என் காதுபடச் சொன்னார்கள். ஆராதனையில் பேராயர் எங்களை வரிசையாக நிறுத்தி, ஞானஸ்நானத்தில் எங்களுக்காகப் பெற்றோர் கொடுத்த வாக்கை நாங்களே புதுப்பிக்கிறோமா என்று கேட்டார். மற்றப் பிள்ளைகள் "புதுப்பிக்கிறேன்" என்றார்கள். நான் வாய் திறக்கவில்லை. நம்பாததைச் சொல்ல எனக்கு வரவில்லை. அவர் மறுபடி கேட்டார். நான் இறங்கிப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா, "போட்டும் விடுட்டி, சாப்பிடு" என்றார்கள். திட்டவில்லை. அங்கேதான் என் சந்தேகம் ஆரம்பித்தது. அடுத்த ஞாயிறு வகுப்புப் பொறுப்பை விட்டுவிட்டார்கள்.

அதற்குப் பிறகு எந்த எழுப்புதல் கூட்டம் நடந்தாலும் அப்பா போவார்கள். "இயேசுவுக்கு உங்களை ஒப்புக்கொடுப்பவர்கள் கையை உயர்த்துங்கள்" என்றதும் உயரும் முதல் கை அப்பாவுடையது. கூட்டம் நடத்துகிறவர்கள் ஓர் அட்டை கொடுப்பார்கள். அப்பா அதில் பெயர், விலாசம், ஜெபக்குறிப்பு எழுதி, பாதியைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, மறுபாதியிலும் அதையே எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார்கள். அடுத்த வாரம் ஏதாவது ஊழியத் தம்பிகள் புது விசுவாசி என்று நினைத்து வீடு தேடி வந்துவிடுவார்கள்.

"ஐயா, நீங்க எப்போ ஆண்டவர ஏத்துக்கிட்டீங்க?"

"இப்பம்தான் தம்பி. போன வாரம்."

வகுப்பே நடத்திய மனிதர், ஜெபம் செய்வது எப்படி என்ற முதல் பாடத்தைக் கையைக் கட்டிக்கொண்டு கேட்பார்கள். அம்மாவுக்குத் தேநீர் போட்டே அலுத்துவிடும். "எத்தன தடவதான் ஒப்புக்கொடுப்பிய? போன மாசம் குடுத்தது திரும்பி வந்துட்டா?" என்பார்கள். அப்பா, "ஆமா, வந்துட்டு" என்று சிரிப்பார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரறியாத பாவம் ஏதோ இருக்கிறது என்று முதலில் நினைத்தேன். பிறகு, இது எனக்காகப் போடும் நாடகம் என்று முடிவு கட்டினேன். நான் மறுத்ததை என் கண்ணெதிரே செய்து காட்டிக் குத்துகிறார்கள். ஜெபக்குறிப்பில் "மகள் மனந்திரும்ப" என்றுதான் எழுதுவார்கள் என்று எனக்கு நிச்சயம். வேலை கிடைத்துப் புனேயின் மறுகோடியில் பாணேருக்குக் குடிபோன பிறகும், நான் வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனைக்குப் போகுமுன் ஸ்கூட்டரில் போய் எனக்காகச் சூடான பாவ் ரொட்டி வாங்கி வைப்பார்கள். அதையும் தூண்டிலில் மாட்டிய புழுவாகத்தான் பார்த்தேன். ஆனால் தின்றேன்.

கடைசி நாட்களில் சிறுநீரகம் கைவிட்டது. ஒரு மத்தியானம் ஆஸ்பத்திரியில் நானும் அப்பாவும் மட்டும் இருந்தபோது கேட்டுவிட்டேன்.

"அப்பா, அன்னைக்கு நான் செஞ்சதுக்கு இன்னும் கோவமா?"

"இன்னைக்கு இல்லட்டி."

இல்லை என்று முழுசாகச் சொல்லியிருக்கலாம் அல்லவா? இன்றைக்கு இல்லையென்றால் நாளைக்கு உண்டா? அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு அடக்கம் முடிந்த பிறகும் உள்ளுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

இந்த மலருக்குப் படம் தேடியபோது அப்பாவின் வேதாகம உறையில் முப்பத்தொரு அட்டைப் பாதிகள் இருந்தன. நான் நினைத்தது ஒன்றில்கூட இல்லை. "மகள் மேல் உள்ள கோபம் தணிய." "கோபம் திரும்ப வந்துவிட்டது." "சபையில் தலைகுனிந்ததை மறக்க." "அவள் வரும்போது என் முகம் கடுக்காதிருக்க." நான் மாற வேண்டும் என்று அப்பா ஓர் அட்டையிலும் கேட்கவில்லை. தன்னை மாற்றச் சொல்லித்தான் ஒவ்வொரு முறையும் கை உயர்த்தினார்கள். கடைசி அட்டையில், "இன்று கோபம் இல்லை. நாளைக்காக ஜெபிக்கவும்" என்று இருந்தது. நான் உட்கார்ந்து அழுதேன்.

அப்பா என்னை மன்னிக்கவில்லை என்று சந்தேகப்பட்டேன். சந்தேகம் சரிதான். ஒரே தடவையில் மன்னிக்க அப்பாவால் முடியவில்லை. முடியாததை விடாமல் செய்துகொண்டிருந்தார்கள் என்பதுதான் எனக்குத் தெரியாமல் போயிற்று.

அப்பாவைத் தூக்கிச் சுமந்த கீழ்வீட்டு மராத்திக் குடும்பத்துக்கும், டயாலிசிஸ் நாட்களில் லீவு போட்டுக் கூட வந்த தம்பியின் கராடி ஆபீஸ் நண்பர்களுக்கும், போதகர் ஐயாவுக்கும், சபையாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. முதல் பாடத்தை ஒவ்வொரு முறையும் பொறுமையாக நடத்திய ஊழியத் தம்பிகளே, உங்களைக் கதவருகே நின்று முறைத்தது நான்தான். மன்னித்துக்கொள்ளுங்கள். தமிழ் வாசிக்கத் தெரியாத எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு யாராவது இதை வாசித்துச் சொல்லுங்கள்.

நான் இன்னும் கை உயர்த்தவில்லை. உயர்த்துவேன் என்று வாக்கும் கொடுக்க மாட்டேன். ஆனால் அப்பா, உங்கள் மேல் எனக்கும் இத்தனை வருடம் கோபம் இருந்தது. இன்றைக்கு இல்லை.