பிச்சிப்பூ பறக்கலாம், மாமன் பறக்கக்கூடாதா?

ஜெர்மனியில் ஒரு தேநீர்ப் பையைத் தூக்கி எறியத் தத்துவப் பயிற்சி வேண்டும். இலை ஒரு தொட்டிக்கு, அதில் தொங்கும் காகிதத் துண்டு இன்னொன்றுக்கு, இரண்டையும் இணைக்கும் கம்பி மூன்றாவதற்கு. குடித்த நேரத்தைவிட அதன் இறுதிச் சடங்குக்கு அதிக நேரமாகிறது. என் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் வசிக்கும் ஹெல்கா அம்மையார் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தே ஒருவரின் குணத்தைச் சொல்லிவிடுவார். அவரிடம் நல்ல பெயர் வாங்க நான் பட்ட பாடுதான் இது.

அவர் நடத்தும் வாசகர் வட்டத்தில், உலக முதலாளித்துவம் பூமியைத் தின்று தீர்ப்பதைப் பற்றி மாதந்தோறும் கேக் தின்றபடி பேசுவோம். ஒருநாள், நுகர்வு என்பது விடுதலை வேடம் கட்டிய அடிமைத்தனம் என்று முழங்கினேன். கைதட்டல் மயக்கத்தில், "இந்த ஆண்டு விமானம் ஏற மாட்டேன்" என்று உறுதியும் கூறிவிட்டேன். ஊருக்குப் போகும் திட்டமே அப்போது இல்லை. கையில் இல்லாததைத் துறப்பதில் நான் எப்போதும் தாராளம்.

அடுத்த வாரமே, பூச்சந்தைக்குப் பேர்போன எங்கள் ஊர் தோவாளையிலிருந்து அக்கா அழைத்தாள். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. எங்கள் வீட்டு வழக்கப்படி தாய்மாமன்தான் மணப்பெண்ணைக் கைப்பிடித்து மேடைக்கு அழைத்து வரவேண்டும். அவளுக்கு இருப்பது ஒரே மாமன். நான் பூமி சூடாவதை விளக்கத் தொடங்கினேன்.

"ஏலே மக்கா, நம்ம பிச்சிப்பூ தெனமும் திருவனந்தபுரத்துல பிளேன் ஏறி துபாய்க்குப் போவுது. பூவு போவலாம், மாமன் வரப்பிடாதோ? பிள்ளைக்க கைய ஆரு பிடிப்பா, ஒனக்க பொஸ்தகமா?"

நான் கல்லூரிக்குப் போன காலத்தில் பூ மூட்டைகள் பஸ்ஸின் கூரையில் வரும். பூ மேலே, நாங்கள் கீழே, எல்லாரும் நாகர்கோவிலோடு இறங்கிவிடுவோம். இப்போது அதே பூ ஐஸ் பெட்டிக்குள் கடல் தாண்டுகிறது. வாசகர் வட்டத்தில் நாங்கள் பல மாதம் பேசியும் முடிக்காத உலக வணிகத்தை அக்கா ஒரே மூச்சில் முடித்துவிட்டாள்.

வெட்கத்தை விட்டு ஹெல்கா வீட்டுக் கதவைத் தட்டி விஷயத்தைச் சொன்னேன்.

"மணப்பெண்ணால் தனியாக நடக்க முடியாதா?" என்று கவலையோடு கேட்டார்.

"நன்றாக ஓடுவாள். ஆனால் நான்தான் கூட்டி வரவேண்டும்."

"ரயில் இல்லையா?"

"நாகர்கோவிலுக்கு உண்டு. இங்கிருந்து இல்லை."

அவர் மாடிப்படியில் யாரும் வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் வாழ்நாளில் விமானம் ஏறியதில்லை. எல்லாரும் கொள்கை என்கிறார்கள். உண்மையில் பயம். நான் போகாத பயணங்களில் ஒன்றை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். பதிலுக்கு அவருக்கு ஒரு கல்யாண மாலை வேண்டும், பிளாஸ்டிக் கூடாது. பெரிய நிறுவனங்கள் மாநாடு கூட்டிச் செய்கிற கார்பன் வியாபாரத்தை நாங்கள் மாடிப்படியில் முடித்தோம்.

மண்டப வாசலில் அக்கா என்னைப் பார்த்ததும், "வந்தியா? பூமி தாங்கிச்சா?" என்றாள். என் வயிற்றையும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். மருமகளின் கை வியர்த்திருந்தது. என் கை அதைவிட. மேளம் உச்சத்தில் இருந்தபோது அவள் என் காதோரம், "மாமா, பைய நட, சேலை தடுக்கும்" என்றாள். யார் யாரைக் கூட்டிப்போனது என்பது ஆராய்ச்சிக்குரியது. அத்தனை சந்தோஷத்தை எந்தத் தொட்டியில் போடுவதென்று எனக்குத் தெரியவில்லை.

மாலை பயணத்தைத் தாங்காது. பூவெல்லாம் உதிர்ந்தபின் அதைக் கட்டியிருந்த வாழைநாரை மட்டும் கொண்டுவந்து ஹெல்காவிடம் தயங்கித் தயங்கி நீட்டினேன். முகர்ந்து பார்த்தவர், உடனே பால்கனிக்குப் போய்ச் சாய்ந்து கிடந்த தக்காளிச் செடியைக் குச்சியோடு சேர்த்துக் கட்டச் சொன்னார்.

முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தபோது மேலே ஒரு விமானம் போனது. ஹெல்கா வழக்கம்போல முகத்தைச் சுளித்தார். நானும் பாதி சுளித்துவிட்டேன். ஒரு கை தோவாளை நாரைப் பிடித்திருக்க, மற்றது என்னைக் கேட்காமலே உயர்ந்து டாட்டா காட்டிக்கொண்டிருந்தது.