கிளினிக்குக்குப் போன இரண்டு பேர்

பத்தாம் தரத்தோடு பாடசாலையை விட்டுவிட்டு, சாதாரண தரப் பரீட்சையைத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதப் போனேன். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் யாரிடமும் சொல்லவில்லை. தோற்றால் சிரிப்பார்கள். பண்டாரவளை பஸ்ஸில் பக்கத்து வீட்டுச் செல்வியக்கா இருந்தார். கொழுந்து பறிக்கிறவர், இரண்டு பிள்ளைகளின் தாய்.

"எங்க புள்ள போற?"

"கிளினிக்குக்கு. நீங்க?"

"நானும் அங்கதான்."

இறங்கியதும் ஆளுக்கொரு பக்கம் நடந்தோம்.

பரீட்சை மண்டபத்தில் எனக்கு முன் மேசையில் செல்வியக்கா. திரும்பிப் பார்த்தார்.

மாலையில் இருவரும் சேர்ந்து லயத்துக்குத் திரும்பியபோது அவருடைய மாமியார் வாசலிலேயே கேட்டார்: "டாக்டர் என்னா சொன்னாரு?"

"நாளைக்கும் வரச் சொன்னாரு அத்தை. இந்தப் புள்ளயயும்தான்."

பாடசாலையைச் சீக்கிரம் விட்டதை என் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருந்தேன். செல்வியக்கா படிப்பை இன்னும் விடவே இல்லை.

மறுநாள் பஸ்ஸில் எனக்கும் இடம் பிடித்து வைத்திருந்தார்.