கட்டிலைச் சுற்றி நின்றவர்கள்

பல்கலைக்கழகத்துக்குப் போக எழுதும் எஸ்.டி.பி.எம். தேர்வின் முடிவு வந்தபோது, அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் எனக்கு மருத்துவம் கிடைக்கவில்லை. ஒரு தனியார் மருத்துவக் கல்லூரி இடம் தருவதாகச் சொன்னது. தொடங்கிச் சில வருடங்களே ஆன கல்லூரி. ஜொகூரில், சிகாமட்டில் எங்கள் வீட்டில் அம்மா போகச் சொன்னார். அப்பா பிடி கொடுக்கவில்லை. தொழிற்சாலை வேன் ஓட்டுகிறவர். போகிற இடமெல்லாம் விசாரித்து வந்து, சாப்பிடும்போது ஒவ்வொன்றாகச் சொல்வார். அந்தக் கல்லூரிக்குச் சொந்தமாக மருத்துவமனை கிடையாதாம். விரிவுரையாளர்கள் நிலைப்பதில்லையாம். படித்து முடித்தாலும் கொன்ட்ராக்ட் வேலைதானாம்.

எங்கள் தாமான் குடியிருப்பிலிருந்து ஒரு அக்கா அங்கே கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்டேன். போனில் சொன்னால் புரியாது, ஒருநாள் நேரில் வந்து பார் என்றார். அப்பா விடுப்பு எடுத்து, பத்து பகாட் நகர் வழியாக என்னைக் காரில் அழைத்துப் போனார். அந்தக் கல்லூரி மாணவர்கள் பயிற்சி பெறுவது ஒரு அரசாங்க மருத்துவமனையில். அப்பா கேன்டீனில் உட்கார்ந்துகொண்டார். அக்கா என்னை ஆண்கள் வார்டுக்குக் கூட்டிப்போய்ச் சன்னலோரம் நிற்கச் சொன்னார்.

கட்டிலில் ஒரு தமிழர் படுத்திருந்தார். லோரி ஓட்டுநர். வயிறு உப்பியிருந்தது, கால்கள் குச்சியாக இருந்தன. சுற்றி நின்ற மாணவர்கள் ஒருவர்பின் ஒருவராக அவருடைய விலாவுக்குக் கீழே அமுக்கிப் பார்த்தார்கள். ஒவ்வொருவரும் மலாயில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் தொட்டார்கள். முதலில் அவர் ஒவ்வொரு தடவையும் சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டார். பிறகு அதை விட்டுவிட்டார். அவர் தலைக்கு மேலே ஆங்கிலத்தில் பேச்சு நடந்தது. அவர் கூரை விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் கை கழுவப் போனதும் என்னைப் பார்த்தார்.

"நீயும் டாக்டருக்குப் படிக்கிறியாம்மா?"

"இல்ல அங்கள். சேரலாமான்னு பாக்க வந்தேன்."

"எல்லாரும் தொட்டுப் பாத்தாங்க. என்னன்னு மட்டும் யாரும் சொல்லல. அவங்க பேசினது உனக்குப் புரிஞ்சுச்சா?"

எனக்கும் புரியவில்லை. அக்காவிடம் போய்ச் சொன்னேன். மாணவர்கள் தாங்களாக எதையும் சொல்லக்கூடாது என்றவர், சற்று யோசித்துவிட்டு வார்டு டாக்டரைத் தேடிப்போனார். ஒரு மலாய்ப் பெண் டாக்டர் வந்து, நாற்காலியை இழுத்துப்போட்டுக் கட்டிலருகே உட்கார்ந்தார். டாக்டர் மலாயில் சொல்லச் சொல்ல அக்கா தமிழில் சொன்னார். சில வார்த்தைகளுக்குத் தமிழ் கிடைக்காமல் நின்று நின்று சொன்னார். ஈரலில் கட்டி. எடுக்க முடியாத இடம்.

லோரி ஓட்டுநர் ஒன்றுதான் கேட்டார்.

"மறுபடி லோரி ஓட்டலாமா?"

அக்கா அதை மலாயில் கேட்டார். பதிலைத் தமிழில் சொல்லவேண்டியிருக்கவில்லை. டாக்டரின் முகத்திலிருந்தே தெரிந்துகொண்டு, அவர் எழுந்து உட்கார்ந்து சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டார்.

கேன்டீனில் அப்பா, தான் கேள்விப்பட்டதையெல்லாம் அக்காவிடம் கேட்டார். அத்தனையும் உண்மை என்றார் அக்கா. மாணவர்கள் அதிகம், நோயாளிகள் போதவில்லை. ஒரே ஆளைத் திரும்பத் திரும்பத் தொந்தரவு செய்கிறோம் என்றார்.

"உங்க சொந்தத் தங்கச்சியா இருந்தா அனுப்புவீங்களாம்மா?" என்றார் அப்பா.

"ஒரு வருஷம் காத்திருக்கச் சொல்லுவேன், அங்கள்."

திரும்பி வரும்போது மழை. அக்கா சொன்னது நியாயம்தான். ஆனால் காத்திருந்தாலும் வேறு இடம் கிடைக்கும் என்று யார் சொல்ல முடியும்? குறைகளை எண்ணிப் பார்க்க உட்காரும்போதெல்லாம், நாற்காலியை இழுத்துப்போட்ட அந்த டாக்டர்தான் நினைவுக்கு வந்தார். ஒரு வாரம் கழித்து, போகிறேன் என்று சொன்னேன். அம்மா அழுதுவிட்டார். அப்பா சாப்பிட்டு முடித்து, கை கழுவி வந்து சொன்னார்: "கஷ்டமா இருந்தா எங்ககிட்ட மறைக்காத. அது போதும்."

சேர்ந்த பிறகு, கேள்விப்பட்ட குறைகளில் ஒன்றுகூடப் பொய்யாகவில்லை. எங்கள் அறுவைச் சிகிச்சை விரிவுரையாளர் பாதி வருடத்தில் விலகிப் போனார். தூங்குகிற நோயாளிகளை எழுப்பி, நானும் மலாயில் மன்னிப்புக் கேட்டு அமுக்கியிருக்கிறேன். இப்போது ஜொகூரிலேயே ஒரு மருத்துவமனையில் கொன்ட்ராக்ட் டாக்டராக இருக்கிறேன். அந்த லோரி ஓட்டுநர், நான் சேர்வதற்கு முன்பே இறந்துவிட்டதாக அக்கா சொன்னார். அக்கா மருத்துவத்தை விட்டுவிட்டுச் சிங்கப்பூரில் மருந்து நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறார். என்னையும் அங்கே கூப்பிடுகிறார். இன்னும் பதில் சொல்லவில்லை.