கப்பல் போட்ட சுவர்

1971 பிப்ரவரி, ஒரு சனிக்கிழமை. காலை ஏழு மணிக்கு வண்ணாரப்பேட்டையில் என் தங்கை வீட்டிலிருந்து கிளம்பினேன். அவள் மகனுக்குக் காது குத்து. தாய்மாமன் என்ற முறையில் மடி கொடுக்க வந்தவன் நான். முதல் நாளே சடங்கு முடிந்துவிட்டது. கோவில்பட்டிக்கு ரயில் மறுநாள்தான். நடுவில் ஒரு முழு நாள் சும்மா கிடந்தது.

"இன்னா மச்சான், உயிர் காலேஜ், செத்த காலேஜ் எல்லாம் வுட்டுட்டு செவுரு பாக்கப் போறேன்றீங்க?" என்று தங்கை கணவர் சிரித்தார். மிருகக்காட்சிச் சாலையும் மியூசியமும் பட்டணத்தில் அந்தப் பெயரில்தான் வழங்குகின்றன. அவர் சிரிப்பதில் தப்பில்லை. ஆனால் எனக்குச் சோறு போடுவது சுவர்தான். நான் போர்டு எழுதுகிறவன். பல்பொடி, சோப்பு, உரம் என்று சாத்தூரிலிருந்து கயத்தாறு வரை எத்தனையோ சுவர்களுக்கு வெள்ளையடித்து எழுத்துப் போட்டிருக்கிறேன். வட சென்னையில் சந்துக்குச் சந்து சுவரில் படம் உண்டு என்று லாரிக்காரர்கள் சொல்லிச் சொல்லி எனக்கு ஆசை மூட்டியிருந்தார்கள்.

எம்.சி. ரோட்டை ஒட்டிய சந்துகளில் முதல் ஒரு மணி நேரம் போயிற்று. ஜவுளிக் கடைச் சுவர்களில் புடவை கட்டிய பெண்கள் வரிசையாக நின்றார்கள். புடவைதான் வேறு வேறு, முகம் ஒன்றே. ஒரு முட்டுச்சந்தில் முருகன், மாதா, பிறை நிலா மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்திருந்தார்கள். ஒதுங்க வருகிறவன் எந்த மதமானாலும் பயப்படட்டும் என்று ஏற்பாடு. எதற்கும் அசராத ஆசாமிகளும் உண்டு என்று சுவரின் அடிப்பாகம் சொல்லிற்று.

தேர்தல் சமயம். பாக்கிச் சுவர்களில் பெரும்பாலானவை கட்சிக்காரர்கள் கையில் இருந்தன. அதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள். ஆறு மாதம் முன்பே ஓர் ஆள் வந்து சுவரின் மூலையில் கட்சியின் முதலெழுத்துகளைப் போட்டு, பக்கத்தில் 'ரிசர்வ்' என்று எழுதிவிட்டுப் போவான். அதற்குப் பிறகு எதிர்க்கட்சிக்காரன் அந்தச் சுவரைத் தொடமாட்டான். மேடையில் ஒருவரை ஒருவர் கிழித்துத் தொங்கவிடுகிறவர்கள் இந்த ஒரு விஷயத்தில் வார்த்தை மாறுவதில்லை. வீட்டுக்காரரை மட்டும் யாரும் கேட்பதில்லை. அதை நான் குறையாக நினைக்கவில்லை. நானும் கேட்டதில்லை.

எட்டே முக்காலுக்கு ராயபுரம் கல்மண்டபம். இட்லி ஒன்று பத்துக் காசு, நான்கு சாப்பிட்டேன். சாம்பாரில் தாராளமாகத் தண்ணீர். அங்கிருந்து கடல் பக்கம் போகும் சந்துகளில் நுழைந்ததும் நிறமே மாறிவிட்டது. கதவு, ஜன்னல், தண்ணீர்த் தொட்டி, சிலுவை எல்லாமே ஒன்று சாம்பல் நிறம், இல்லாவிட்டால் செங்காவி. துறைமுகத்தில் கப்பலுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்ட், தகர டப்பாவின் அடியில் ஒட்டிக்கொண்டு வீடு வந்து சேருகிறது என்று ஒரு சோடாக் கடைக்காரர் சொன்னார்.

ஒன்பதரைக்கு ஒரு சந்தில் சண்டைச் சத்தம். ஏணி மேல் ஒருவன், கையில் வெள்ளை அடிக்கும் மட்டை. கீழே துடைப்பத்தோடு ஓர் அம்மாள். இருவருக்கும் நடுவில், சுவர் முழுக்க, இருபத்தைந்து அடி நீளத்துக்கு ஒரு கப்பல்.

கையெழுத்து எப்படி ஆளைக் காட்டுமோ அப்படி அந்தப் படம் எழுதினவரைக் காட்டிற்று. அடிப்பாகம் அச்சு அசல். செங்காவி முடிந்து சாம்பல் தொடங்கும் கோடு நூல் பிடித்தது போல் இருந்தது. ஆணித் தலைகள் ஒவ்வொன்றாக, நங்கூரச் சங்கிலியின் வளையங்கள் எண்ணிப் போட்டதாக, தண்ணீர் மட்டம் காட்டும் எண்கள்கூட வரிசை தப்பாமல். மேல்தட்டுக்கு வந்தால் கதை வேறு. அங்கே ஓட்டுக் கூரை, கம்பி போட்ட ஜன்னல், கொடியில் காயும் பாவாடை, அடுப்புப் புகை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னா நைனா, சிரிச்சிகினு கீற?" என்று அந்த அம்மாள் என் மேல் பாய்ந்தார். பெயர் பிலோமினா. படம் அவர் கணவர் சூசை எழுதியது. துறைமுகத்தில் பலகையில் தொங்கிக்கொண்டு கப்பலின் வெளிப்புறத்துக்குப் பெயிண்ட் அடிப்பது அவர் வேலை. "பதினெட்டு வருசமா தொங்குது அந்த மன்சன். மேல ஒரு வாட்டி ஏற வுட்டதில்ல. மேல இன்னா கீதுன்னு அதுக்கு எப்டித் தெரியும்?"

சிரித்தது எனக்கு அவமானமாகப் போயிற்று.

ஏணிக்காரன் தனபால். கூலிக்குக் கட்சிச் சின்னம் எழுதுகிறவன். "நான் இன்னா பண்றது அக்கா? ரிசர்வ்னு போட்டுகீது. எயுதச் சொன்னாங்க, வந்தேன்."

"கப்பல அயிச்சுட்டா எம்பொண்ணுக்கு லெட்டரு எப்டிடா வரும்?"

விஷயம் இதுதான். வீட்டு எண்ணைக் கார்ப்பரேஷன் இரண்டு தரம் மாற்றி, பழைய தகடு, புதுத் தகடு எல்லாம் கதவில் தொங்குகின்றன. சந்தில் பன்னிரண்டாம் எண் மூன்று வீடுகளுக்கு. பெயரைச் சொல்லிக் கேட்கலாம் என்றால் ஒன்பது மேரி, அதிலும் எஸ். மேரி நான்கு. பிலோமினாவின் மகள் மேரி டைப் பரீட்சை தேறியவள். போன வருடம் அவளுக்கு வந்த இன்டர்வியூ கடிதம், எண்ணை நம்பி அலைந்து, திரும்பிப் போய்விட்டது. இந்தத் தடவை விண்ணப்பத்தில் 'கப்பல் போட்ட சுவர் வீடு' என்றே எழுதியிருந்தாள். இன்டர்வியூ அடுத்த வாரம். கடிதம் இன்று வந்தால் உண்டு. தபால்காரரோ பேட்டைக்குப் புதிது.

"வட்டம் சொன்னா நிறுத்திக்கிறேன்," என்றான் தனபால். வட்டம் என்றால் கட்சியின் வட்டச் செயலாளர். அவர் திருவொற்றியூரில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். "பன்னண்டு மணி வரிக்கும் நிக்கிறேன். அதுக்கு மேல சுண்ணாம்பு கெட்டிப்பூடும்."

நானும் திருவொற்றியூர், அங்கிருந்து எண்ணூர் என்று போகத்தான் இருந்தேன். மேரியை அழைத்துக்கொண்டு பத்து மணிக்குப் பஸ் ஏறினேன். ஆறு கிலோமீட்டர், டிக்கெட் இருபது காசு. தண்டையார்பேட்டை தாண்டியதும் தொழிற்சாலைகளின் நெடுஞ்சுவர்கள் வந்தன. போனஸ் கேட்டுத் தாரில் எழுதிய எழுத்துகள், ஓர் ஆள் உயரம். மற்ற நாளாக இருந்தால் இறங்கி நின்று அளவெடுத்திருப்பேன். மேரி எதையும் பார்க்கவில்லை. "சார், பன்னண்டுக்குள்ள வந்துடலாம் இல்ல?" என்று மூன்று தடவை கேட்டாள்.

தேரடியில் ஒரு டீக்கடை வாசலில் வட்டத்தைப் பிடித்தோம். மரியாதையாகத்தான் பேசினார். "நான் வுட்டுட்டா எதிர்க்கட்சி புட்ச்சிக்குவாம்மா. நாளிக்கிக் காலீல கப்பலும் இருக்காது, என் சின்னமும் இருக்காது."

அவர் சொன்னது நியாயம். மேரிதான் பேசினாள். "அப்ப வுடாதீங்கண்ணே. ரிசர்வாவே வெச்சிக்கோங்க. கப்பலுக்கு ஒரு பொகபோக்கி போட்டு, அதுல உங்க சின்னத்த எயுதிக்கோங்க. கப்பலப் பாக்கறவங்க அதையும் பாப்பாங்க இல்ல?"

வட்டம் டீக் கிளாஸைக் கீழே வைத்தார். பிறகு ஒரு நோட்டீஸின் பின்பக்கம், 'கப்பலை அழிக்க வேண்டாம். புகைபோக்கியில் சின்னம் மட்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மணி பதினொன்று பத்து. நான் வாங்கிக் கொடுத்த டீயைக்கூட மேரி பாதியில் வைத்துவிட்டாள்.

திரும்பும்போது ரயில்வே கேட் மூடிக்கொண்டது. துறைமுகத்துக்குப் போகும் கூட்ஸ் வண்டி பாதி கடந்து நின்றது, கொஞ்சம் பின்னால் போயிற்று, மறுபடி நின்றது. எரிச்சலில் பஸ் டிரைவரிடம் கேட்டேன். "அது அப்டித்தான் சார், அது இஷ்டம்," என்றார். பாக்கித் தூரத்தை நடந்தும் ஓடியும் சந்துக்கு வந்தபோது ஒரு மணி ஆகிவிட்டது.

கப்பலின் மேல்பாதி இல்லை. வெள்ளை அடிக்கிறவன் மேலிருந்துதான் தொடங்குவான். இல்லாவிட்டால் கீழே வழியும். ஓட்டுக் கூரை, ஜன்னல், பாவாடை எல்லாம் போய், கீழே செங்காவியும் சாம்பலுமாக இரண்டு பட்டைகள் மட்டும் நின்றன. சட்டென்று பார்க்கிறவனுக்கு அது கப்பலே அல்ல, பெயிண்ட் அடித்த சுவர்.

"பன்னண்டேகால் வரிக்கும் நின்னேன் சார்," என்றான் தனபால். பொய் சொல்கிற முகமாக இல்லை. "அக்கா புருசன இட்டாரேன்னு துறைமுகத்துக்குப் போயிருக்குது. இப்பத்தான் போஸ்ட்மேன் வந்தாரு. கப்பல் போட்ட செவுரு எங்கன்னு கேட்டாரு. ஏணி மேலேர்ந்து, 'இப்பத்தான் அயிச்சேன்'னு சொன்னேன். கிண்டல் பண்றேன்னு நெனச்சி மொறைச்சிகினு போய்ட்டாரு. எறங்கிப் பாக்கறேன், ஆளக் காணோம்."

மேரி செருப்பைக் கழற்றிவிட்டு ஓடினாள். நாற்பத்தாறு வயதில் நானும் ஓடினேன். மூன்றாவது சந்தில் தபால்காரரைப் பிடித்தோம். திரும்ப அனுப்பும் கட்டில் அந்தக் கவர் இருந்தது. 'அப்படிச் சுவர் இல்லை' என்று பென்சிலில் எழுதியிருந்தார். அதில் பொய்யும் இல்லை.

"நீதான் அந்த எஸ். மேரின்னு நான் எப்படி நம்பறது?" என்றார்.

வந்து சுவரைப் பாருங்கள் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே வந்தார். செங்காவியை, சங்கிலியை, தண்ணீர் மட்டத்து எண்களைப் பார்த்தார். ஏணியைப் பார்த்தார். பிறகு எச்சில் தொட்டுப் பென்சில் எழுத்தை அழித்துவிட்டுக் கவரை நீட்டினார். இன்டர்வியூ திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, பாரிமுனையில் ஓர் அலுவலகத்தில். மேரி சந்திலேயே உட்கார்ந்து அழுதாள்.

சற்று நேரத்தில் பிலோமினா தனியாக வந்தார். சூசையை வேலை முடியாமல் வெளியே விடவில்லை. கடிதம் வந்ததைக் கேட்டு மகள் தலையைத் தடவினவர், சுவரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். தனபாலைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. "நம்பர அவனுங்க மாத்தட்டும். கப்பல யாரு மாத்தப்போறான்னு நெனச்சிகினு இருந்தேன்," என்றார்.

தனபால் கையில் இருந்த மட்டை என் மட்டை போலவே இருந்தது. சாத்தூரிலும் கயத்தாறிலும் நான் வெள்ளையடித்த சுவர்களின் கீழே என்ன இருந்தது என்று ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை.

எண்ணூர் போகும் யோசனையைக் கைவிட்டேன். ஐந்தரைக்கு சூசை ஒரு டப்பா சாம்பல் பெயிண்டோடு வந்தார். வெள்ளையைப் பார்த்து, "மேல எனக்கு எப்பவும் சரியா வரல," என்று மட்டும் சொன்னார். அவரும் தனபாலும் நானும் மூன்று பேராக வேலை செய்தோம். புகைபோக்கி என்னுடையது, சின்னம் தனபாலுடையது, எந்தக் கட்சி என்று எழுதப்போவதில்லை. புகைபோக்கிக்குப் பக்கத்தில் சூசை மறுபடி ஓட்டுக் கூரை போட்டு, கொடி கட்டிப் பாவாடை காயப்போட்டார். இருட்டுவதற்குள் முடித்துவிட்டோம்.

ஏப்ரலில் மேரியிடமிருந்து ஒரு கார்டு வந்தது. வேலை கிடைத்துவிட்டது. தேர்தல் முடிந்ததும் அப்பா சின்னத்தின் மேல் கறுப்பு அடித்துவிட்டாராம், புகைபோக்கியை வைத்துக்கொண்டாராம்.

எங்கள் ஊரில் சுவர்கள் தாராளம், சந்துகள் அகலம், ஒன்பது மேரிகளும் இல்லை. ஆனாலும் இப்போது ஏணி சாத்துவதற்கு முன் கதவைத் தட்டி, "இந்தச் சுவரை அடையாளம் சொல்லி யாருக்காவது கடிதம் வருகிறதா?" என்று கேட்கிறேன். பலர் சிரிக்கிறார்கள். எட்டயபுரம் ரோட்டில் ஒருவர் மட்டும் சிரிக்காமல் யோசித்து, "எனக்கு இல்லை. எதிர் வீட்டில் எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்," என்றார். மட்டையைக் கீழே வைத்துவிட்டுப் போய்க் கேட்டேன்.