உயிரோடு இருப்பதற்கு ஒரு கையெழுத்து

காரைக்காலில் பிரெஞ்சு பென்ஷன் வாங்குகிறவர்கள், தாங்கள் உயிரோடு இருப்பதாக வருடத்துக்கு ஒருமுறை ஆபீசர் முன்னால் கையெழுத்துப் போட்டு, முத்திரை வாங்கிச் சான்று அனுப்ப வேண்டும். என் அப்பாவுக்கு மறதி நோய் வந்த பிறகு அது தினசரி வேலையாகிவிட்டது. காலை எட்டு மணிக்கே ஷூ மாட்டிக்கொண்டு, "கெளம்பும்மா, ஆபீஸ பூட்டிடுவான்" என்று வாசலில் நிற்பார். "போன வாரந்தானேப்பா அனுப்புனோம்!" என்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துவேன். அவர் அசையமாட்டார். எனக்குத்தான் பிபி ஏறும்.

ஒருநாள் வாதாடுவதை விட்டேன். சாப்பாட்டு மேசையையே ஆபீஸ் ஆக்கினேன். பழைய நோட்டில் கையெழுத்து வாங்கி, என் மகள் விளையாடிப் போட்ட யானை ஸ்டாம்பைப் பக்கத்தில் குத்துவேன். "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிவிட்டு, சமர்த்தாக இட்லிக்கு உட்காருவார்.

நேற்று பால் பொங்கி அடுப்பு முழுக்க வழிந்தது. துடைக்கப் போனால் கரண்டும் போனது. அந்த மேசையிலேயே தலையைக் கவிழ்த்து அழுதுவிட்டேன். அப்பா வந்து, நான் வழக்கமாக உட்காரும் ஆபீசர் நாற்காலியில் உட்கார்ந்தார். நோட்டைத் திறந்து என் பக்கம் தள்ளினார்.

"உயிரோட இருக்கீங்களா?"

"இருக்கேங்க."

"அப்ப கையெழுத்துப் போடுங்க."

போட்டேன். யானையை எடுத்து ஓங்கிக் குத்தினார்.

"இன்னும் ஒரு வருஷத்துக்குக் கவலையில்ல. போயிட்டு வாங்க."