பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்

என் கணவருக்கு டெங்கி என்று கிளினிக்கில் சொன்ன உடனே நாத்தனார் பப்பாளி இலை பறிக்கக் கிளம்பிவிட்டார். ஈப்போவை அடுத்த லகாட்டில், பழைய ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய தாமான் குடியிருப்பில் எங்கள் வீடு. பப்பாளிக்கா பஞ்சம்?

நான் ஈப்போவில் ஆறாம் படிவ மாணவர்களுக்கு உயிரியல் நடத்துகிறேன். மருந்து குடிக்காதவனோடு ஒப்பிடாமல் மருந்து வேலை செய்தது என்று எழுதாதே என்று தொண்டை வறளக் கத்துகிறவள். ஆனாலும் இலையை இடித்துப் பிழிந்தது நான்தான். அவ்வளவு பயம்.

மறுநாள் காய்ச்சல் விட்டது. நாத்தனாருக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தியா, சாறு கேட்டிருச்சு லா! ஆஸ்பத்திரியெல்லாம் வேணாம். தம்பி படுக்கட்டும்."

"அண்ணி, டெங்கியில காச்சல் விடுறப்பதான் ஆபத்தே. குடிக்காதவங்களுக்கும் இப்படித்தான் விடும்."

"எத்தன பேரு குடிச்சுப் பொழச்சிருக்காங்க! தாமான்ல யார வேணும்னாலும் கேளு."

"பொழச்சவங்கதானே அண்ணி வந்து சொல்லுவாங்க?" என்று கத்திவிட்டேன். அதற்குள் என் கணவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார். உடனே ஆஸ்பத்திரிக்குக் காரை எடுத்தேன்.

வார்டில் பக்கத்துக் கட்டிலில் தெலுக் இந்தான்காரர், எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவர். என் கணவர் வயதுதான் இருக்கும். அவர் மனைவியின் பையிலும் பச்சைச் சாறு.

"நீங்களும் பப்பாளியா அக்கா?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே காய்ச்சல், அதே சாறு. ஒவ்வொரு முறை ரத்தம் எடுக்கும்போதும் இருவர் முடிவையும் கேட்டேன். என் கணவருக்குப் பிளேட்லெட் என்கிற தட்டணு மெல்ல ஏறியது. லாரிக்காரருக்கு இறங்கிக்கொண்டே போனது. அங்கே பலிக்காதது இங்கே மட்டும் பலிக்குமா? ஐயோ, ஏறியது நாளைக்கே இறங்கினால்?

ஒரு காலையில் அந்தக் கட்டிலில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தார்கள். தாழ்வாரத்தில் அழுது சரிந்த அவர் மனைவியை இரண்டு பேர் தாங்கிப் பிடித்திருந்தார்கள். என் கணவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

நாத்தனார் வந்ததும் வராததுமாகப் போனை எடுத்தார். "சாறுதான் தம்பியக் காப்பாத்துச்சு. எல்லாருக்கும் சொல்லுங்க..."

"அவரும் குடிச்சாரு, அண்ணி," என்று காலிக் கட்டிலைக் காட்டினேன். "அதையும் சேத்துச் சொல்லுங்க."

நாத்தனார் அதைப் பார்த்தார். போனில் யாரோ ஹலோ ஹலோ என்றார்கள். அவர் அணைத்துவிட்டார்.

கணவர் கண் திறந்து பக்கத்தில் பார்த்தார். "லாரி அண்ணே எங்க?"

நான் அவர் போர்வையை இழுத்துவிட்டேன். நாத்தனார்தான் சொன்னார்:

"நல்லாயிருச்சு தம்பி. வீட்டுக்குப் போயிட்டாரு."