அம்மாவை வரைந்த வகுப்பு

நான் ஓவியக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது, ஊரடங்கால் வகுப்புகள் செல்போனுக்கு வந்துவிட்டன. வீட்டில் இருப்பவரைப் பார்த்து முகம் வரையச் சொன்னார் பேராசிரியர். காரமடையில் எங்கள் வீட்டில் நானும் அம்மாவும்தான். புற்றுநோய் சிகிச்சையில் முடி உதிர்ந்து, கன்னம் ஒட்டிப்போயிருந்த அம்மா எனக்காக இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

வரைந்து முடித்து கேமராவில் காட்டினேன். இயர்போன் போட்டிருக்கவில்லை.

“ஏனம்மணி, உசுரோட இருக்கறவங்களத்தானே வரையச் சொன்னேன்? இது பொணமாட்ட இருக்குது” என்றார் பேராசிரியர். வகுப்பே சிரித்தது.

எதிரே அம்மா. அவரைத்தான் வரைந்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. “தப்புங்க சார், மாத்தி அனுப்பறேனுங்க” என்றேன்.

அந்தப் படத்தைக் கிழித்துவிட்டு, கன்னத்தை உப்ப வைத்து, தலை நிறைய முடியுடன் வேறொன்று வரைந்தேன். பேராசிரியர் பாராட்டினார். அம்மா அதை வாங்கிப் பார்த்தார்.

“நல்லாருக்குது கண்ணு. ஆரு இது?” என்றார்.

அடுத்த மாதம் அம்மா இறந்துவிட்டார்.

இப்போது நானும் ஆன்லைனில் ஓவியம் கற்றுத் தருகிறேன். யார் முகத்தை வரைந்து காட்டினாலும், “இவங்க ஆரு கண்ணு? பக்கத்துல இருக்கறாங்களா?” என்று கேட்ட பிறகுதான் குறை சொல்கிறேன்.